கூனன் சிலுவைச் சத்தியம்

கூனன் சிலுவைச் சத்தியம் (மலையாளத்தில் கூனன் குரிசு சத்தியம்) என்பது 1653 ஜனவரி 3ஆம் நாள் கொச்சியின் மட்டாஞ்சேரியில் தோமா கிறிஸ்தவர்கள் கூடி எடுத்த உறுதிமொழி. கொடுங்கல்லூர்ப் பேராயர் பிரான்சிஸ் கார்சியாவுக்கும் அவருடைய இயேசு சபைக் குருக்களுக்கும் இனி அடங்கி நடப்பதில்லை என்பது அதன் சாரம். போர்த்துக்கீசியர் ஆதிக்கத்துக்கு எதிரான எழுச்சி என்றே பெரும்பாலான வரலாற்று நூல்கள் இதைச் சொல்கின்றன. அதிகாரப் போட்டி அதில் இருந்தது உண்மைதான். அதற்கும் அடியில், கிறிஸ்தவத்தில் தொடக்க நாள் முதல் தீராத ஒரு வழக்கும் ஓடியது: உள்ளத்தின் விசுவாசம் எங்கே முடிகிறது, வெளியே கைக்கொள்ளும் முறைமை எங்கே தொடங்குகிறது? விருத்தசேதனம் உடலில் அல்ல, இருதயத்தில் நிகழ வேண்டியது என்று ரோமருக்கு எழுதியபோதே பவுல் இதைத் தொடங்கிவைத்துவிட்டார். கேரளத்தில் அந்த வழக்கின் மிகப் பெரிய விசாரணை நடந்த இடம் மட்டாஞ்சேரி.

தோமாவின் மார்க்கம்

கி.பி. 52இல் அப்போஸ்தலர் தோமா வந்து தங்கள் முன்னோருக்குத் திருமுழுக்குக் கொடுத்தார் என்பது இவர்களின் மரபு. ஆயர்கள் மெசொப்பொத்தேமியாவிலிருந்து வந்தார்கள். வழிபாடு சுறியானி மொழியில் நடந்தது. நாட்டு நடப்பு முழுவதும் அர்க்கதியாக்கோன் என்ற உள்ளூர்த் தலைவரின் கையில் இருந்தது. பிறப்பு இறப்புத் தீட்டும் நோன்பு நாளின் விடியற்காலைக் குளியலும் பள்ளி என்ற கோவிலின் முற்றத்துக் கொடிமரமும் அண்டை வீட்டு நாயர்களோடு ஒத்துப்போயின. மணப்பெண்ணுக்கு மாப்பிள்ளை வீட்டார் கொடுக்கும் மந்திரகோடிப் புடவையிலிருந்து நூலிழைகளை உருவித் திரித்து, அந்தச் சரட்டில் மின்னு என்ற தாலியைக் கோத்துக் கட்டுவார்கள். மின்னு சின்ன இலை போல இருக்கும். அதன் மேல் பொன் மணிகளால் ஒரு சிலுவை. இன்றும் கேரளத்து சுறியானிக் கல்யாணங்களில் இதைப் பார்க்கலாம். அந்தச் சரட்டில் விசுவாசம் எது, ஊர் வழக்கம் எது என்று பிரிக்கப் போனால் கடைசியில் வெறும் நூல்தான் மிஞ்சும். இந்த முழு வாழ்க்கைக்கும் அவர்கள் வைத்திருந்த பெயர் தோமாவின் மார்க்கம். ரோமையிலிருந்து வந்தவர்களுடையது பேதுருவின் மார்க்கம். இரண்டும் நல்லவையே, இரண்டும் வேறு வேறு என்பது அவர்கள் எண்ணம்.

போர்த்துக்கீசியர்களுக்கு இது பொறுக்கவில்லை. கோவாப் பேராயர் அலெய்சோ டி மெனேசிஸ் 1599 ஜூன் 20 முதல் 26 வரை உதயம்பேரூரில் ஒரு சங்கத்தைக் கூட்டினார். 153 குருக்களும் 660 பொதுநிலையினரும் வந்திருந்தார்கள். அங்கே இயற்றப்பட்ட தீர்மானங்களைப் படித்தால் ஓர் ஊரின் அன்றாடமே கண்முன் வந்து நிற்கும். காலையில் குளிக்காவிட்டால் நோன்பு செல்லாது என்ற எண்ணம் தவறு என்று ஒரு தீர்மானம். இரண்டு அப்போஸ்தலர்களுக்கும் இரண்டு மார்க்கம் என்பது பிழை என்று இன்னொன்று. அவரவர் மார்க்கத்தில் நின்றே அவரவர் கரையேறலாம் என்ற கருத்தும் கண்டிக்கப்பட்டது. இப்படி ஒரு கருத்து கண்டிக்கும் அளவுக்கு அன்று பரவியிருந்தது என்பதே பெரிய செய்தி. குருக்களின் மணவாழ்க்கை தடை செய்யப்பட்டது. சுறியானி ஏடுகள் திருத்தப்பட்டன, பல எரிக்கப்பட்டன.

மெனேசிஸின் வாதத்தில் ஒரு பாதி நியாயம். குளியல் நோன்பு ஆகாது என்று அவர் சொன்னதில் தவறில்லை. ஆனால் களைந்த சடங்குகளின் இடத்தில் அவர் வைத்ததும் லத்தீன் சடங்குகளைத்தான். அகத்தின் பெயரால் ஒரு புறத்தை அகற்றி இன்னொரு புறத்தை நிறுவுவது இந்த வரலாற்றில் இதோடு நிற்கவில்லை.

மயிலாப்பூரிலிருந்து வந்த கடிதம்

1652இல் அகத்தல்லா என்ற சுறியானி ஆயர் ஒருவர் மயிலாப்பூர் வந்து சேர்ந்தார். போர்த்துக்கீசியர் அவரைப் பிடித்து இயேசு சபையாரின் காவலில் வைத்தனர். தோமாவின் கல்லறைக்குத் திருப்பயணம் வந்திருந்த தோமா கிறிஸ்தவத் தியாக்கோன்மார் இருவர் அவரைச் சந்தித்து, அவருடைய கடிதத்தோடு ஊர் திரும்பினார்கள். அரை நூற்றாண்டாகத் தங்கள் முறைமையில் ஓர் ஆயருக்கு ஏங்கிக் கிடந்த மக்களுக்கு அந்தக் கடிதம் என்னவாக இருந்திருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அகத்தல்லாவை ஏற்றிய கப்பல் கொச்சி வருகிறது என்று தெரிந்ததும் அர்க்கதியாக்கோன் தோமாவின் தலைமையில் பெருங்கூட்டம் திரண்டது. ஒரு முறை காட்டுங்கள், உண்மையான ஆயர்தானா என்று விசாரிக்கிறோம் என்ற கோரிக்கைக்குக் கோட்டை வாசல் திறக்கவில்லை. கப்பல் கோவாவுக்குப் போய்விட்டது. ஆயரைக் கடலில் மூழ்கடித்துவிட்டார்கள் என்று வதந்தி கிளம்பியது. அவர் ஐரோப்பாவுக்குக் கொண்டுபோகப்பட்டுப் பாரீசில் இறந்தார் என்பது பிற்கால ஆய்வாளர்களின் முடிவு. ஆனால் மட்டாஞ்சேரியில் அன்று நின்றவர்களுக்கு அவர் கொல்லப்பட்ட ஆயர்.

ஜனவரி 3 அன்று மட்டாஞ்சேரி மாதா கோவிலில், ஏற்றிய மெழுகுவத்திகளுக்கு முன் நற்செய்தி நூலைத் தொட்டுச் சத்தியம் செய்தார்கள். வெளியே நின்ற கற்சிலுவையை எல்லோராலும் தொட முடியவில்லை. அதனால் சிலுவையில் கயிறுகளைக் கட்டி நாலு பக்கமும் நீட்டிப் பிடித்துக்கொண்டார்கள், பாரம் தாங்காமல் சிலுவை சாய்ந்தது, கூனன் என்ற பெயர் அதனால் வந்தது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. சத்தியத்தின் வாசகம் பற்றி இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. இயேசு சபையாரை மட்டுமே மறுத்தார்கள் என்பது கத்தோலிக்கர் பக்கத்து வாதம். ரோமைத் தொடர்பையே அறுத்தார்கள் என்பது மற்றவர்கள் வாதம்.

அந்தக் கயிறு கவனிக்க வேண்டிய பொருள். மனத்தில் உறுதி இருந்தால் போதும், நின்ற இடத்திலிருந்தே சொல்லலாம் என்று யாரும் நினைக்கவில்லை. கை சிலுவையில் படவேண்டும். படாவிட்டால் அதோடு ஒரு தொடர்பாவது வேண்டும். இதை மூடப் பழக்கம் என்று தள்ளிவிடுவது எளிது. அன்று அவர்களுடைய மனச்சாட்சிக்குக் கிடைத்த மொழி அந்தக் கயிறுதான் என்றே இக்கட்டுரை கருதுகிறது.

அதே ஆண்டு மே 22 அன்று ஆலங்காட்டில் பன்னிரண்டு கத்தனார்கள் (குருக்கள்) அர்க்கதியாக்கோனின் தலையில் கைவைத்து, அகத்தல்லாவினது என்று சொல்லப்பட்ட கடிதம் ஒன்றையும் வைத்து, அவரை முதலாம் மார்த்தோமா என்ற பெயரில் ஆயராக்கினார்கள். ஆயர் ஒருவர் கைவைக்காத திருநிலைப்பாடு செல்லுமா? இந்தக் கேள்வி மக்களை உலுக்கியது. ரோமை அனுப்பிய கார்மேல் சபைக் குருக்கள் இதையே எடுத்துப் பேசிப் பலரை ரோமையின் பக்கம் மீட்டனர். 1663 ஜனவரியில் டச்சுக்காரர் கொச்சியைப் பிடித்து ஐரோப்பியக் கத்தோலிக்கக் குருக்களை வெளியேறச் சொன்னதும், கார்மேல் ஆயர் செபஸ்தியானி பிப்ரவரி 1 அன்று கடுத்துருத்தியில் பறம்பில் சாண்டிக் கத்தனாரை ஆயராக்கிவிட்டுக் கிளம்பினார். 116 பள்ளிகளில் 84 சாண்டியோடும் 32 மார்த்தோமாவோடும் நின்றன என்பது மரபுக் கணக்கு. 1665இல் எருசலேமிலிருந்து மார் கிரிகோரியோஸ் வந்தார். மார்த்தோமா பக்கத்தார் அந்தியோக்கியச் சுறியானிச் சபையின் உறவுக்குள் போனார்கள். காலப்போக்கில் அவர்களுடைய குர்பானா (திருப்பலி) முறையும் அங்கிகளும் மேற்கு சுறியானி வழக்கத்துக்கு மாறின. பழைய முறைமையைக் காக்கச் சத்தியம் செய்தவர்களின் பேரன்மார் வேறொரு முறைமையில் வழிபட்டார்கள்.

வெறுஞ்சுவர்

டச்சுக்காரர்கள் கால்வின் வழியினர். கோட்டைக் கொச்சியின் பிரான்சிஸ் கோவிலைத் தங்களுக்கு எடுத்துக்கொண்டு பீடத்தையும் உருவங்களையும் அகற்றினார்கள். மறையுரைக்குத் தடையாக எதுவும் கண்ணில் படக்கூடாது என்பது அவர்கள் கொள்கை. ஆனால் தரையில் பதித்தார்கள், பெயரும் குலச்சின்னமும் செதுக்கிய கல்லறைக் கற்களை. அந்தக் கற்கள் 1886–87இல் பெயர்க்கப்பட்டுச் சுவர்களில் பொருத்தப்பட்டன. இன்று போகிறவர்கள் அவற்றை நின்று படிக்கலாம். புனிதர்கள் அகன்ற இடத்தில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகள் நிற்கிறார்கள்.

தோமா கிறிஸ்தவர்களுக்குள்ளிருந்தே சீர்திருத்தம் எழுந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில். கோட்டயம் பழைய செமினாரியின் ஆசிரியர் பாலக்குன்னத்து ஆபிரகாம் மல்பான் (1796–1845), சி.எம்.எஸ். (சர்ச் மிஷனரி சொசைட்டி) மிஷனரிகளோடு பழகியவர். சபையின் குறைகள் என்று 24 இனங்களை அடுக்கி 1836இல் மற்றக் குருக்களோடு சேர்ந்து ஆங்கில ரெசிடென்டிடம் மனு கொடுத்தார். மறுவருடம் தம் ஊரான மாராமண்ணில் குர்பானாவை மலையாளத்தில் நடத்தினார். இறந்தோருக்கான வேண்டுதலையும் புனிதரை நோக்கிய மன்றாட்டையும் நீக்கினார். ஊரில் ஆண்டுதோறும் பவனி எடுத்துவந்த முத்தப்பன் என்ற மரச்சிலையைத் தூக்கிக் கிணற்றில் போட்டார். அதற்கு நேர்ச்சை கொடுத்துவந்த கிழவிகளின் மனம் எப்படித் துடித்திருக்கும் என்று எந்தச் சபை வரலாறும் எழுதியதாகத் தெரியவில்லை, எழுதியிருக்க வேண்டும். பிணக்கு அரை நூற்றாண்டு நீண்டு 1889இல் திருவிதாங்கூர் மேல்முறையீட்டு மன்றத்தில் முடிந்தது. சொத்துகளில் பெரும்பகுதி எதிர்த்தரப்புக்குப் போயிற்று. கட்டடங்களை இழந்த சீர்திருத்தக்காரர்கள் 1895இல் பம்பை ஆற்று மணலில் பந்தல் போட்டு மாராமண் கன்வென்ஷனைத் தொடங்கினர். முதல் கூட்டங்களில் பேசியவர்களில் ஒருவர், தமிழ் டேவிட் என்று நாடெங்கும் அறியப்பட்ட தமிழ்ச் சுவிசேஷகர்.

இருபதாம் நூற்றாண்டில் பெந்தெகொஸ்தே சபைகள் இன்னும் ஓரடி எடுத்துவைத்தன. உள்ளத்தின் மறுபிறப்பே எல்லாம் என்று போதித்த அவர்கள் தாலியையும் நகைகளையும் கழற்றினர். அப்புறம் வெறுங்கழுத்தே அவர்களை அடையாளம் காட்டிற்று.

தஞ்சாவூரும் திருவிதாங்கூரும்

தமிழ் நாட்டில் இதே வழக்கு நேர்மாறாக நடந்தது. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு, உள்ளத்தின் பக்தியை வலியுறுத்திய ஜெர்மனியின் ஹாலே இயக்கத்தில் பயின்றவர். அந்த மரபில் வளர்ந்த தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864), புதிதாக வந்த ஆங்கிலிக்கன் சார்பு மிஷனரிகள் மீது 1820களின் இறுதியில் கடுமையாகக் குறைப்பட்டார். வேதத்தை மறுமொழிபெயர்க்கிறார்கள், கல்யாணத்திலும் சாவிலும் பூவைத் தடுக்கிறார்கள், கோவிலில் கீர்த்தனை பாடவிடுவதில்லை, எல்லாச் சாதியாரையும் ஒன்றாக உட்காரவைக்கிறார்கள் என்பன அவர் குற்றச்சாட்டுகள். முதல் மூன்றிலும் இசையறிந்த ஒரு பக்தரின் நியாயமான வலி கேட்கிறது. நான்காவதை அவற்றோடு சேர்த்து அடுக்கியதை ஏற்க முடியாது. சாதி வெறும் உலக வழக்கம், ஆன்மாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பது அவர் தரப்பு வாதம். 1833இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன் அதை மறுத்து, சபைக்குள் சாதி வேறுபாடு அடியோடு ஒழிய வேண்டும் என்று கடிதம் எழுதினார்.

கேரளத்தில் அப்படி எழுதும் துணிவு மிக அரிதாகவே இருந்தது. மரச்சிலை கிணற்றுக்குப் போயிற்று. சாதி திண்ணையிலேயே இருந்தது. திருமுழுக்குப் பெற்ற புலையருக்கும் பறையருக்கும் புலைப்பள்ளி என்று தனிக் கோவில். சுறியானிக் கிறிஸ்தவக் குடும்பம் ஒன்றில் அடிமைப்பட்டிருந்த பறையர் குடும்பத்தில் 1879இல் பிறந்த பொய்கையில் யோகன்னான், சீர்திருத்தக்காரர்களின் மார்த்தோமா சபையிலும் பிரதரன் சபையிலும் உபதேசியாக இருந்து, இரண்டிலும் தம் மக்களுக்குச் சம இடம் கிடைக்காது என்று கண்டு வெளியேறினார். 1909இல் பிரத்யக்ஷ ரக்ஷா தைவ சபையை நிறுவினார். இரட்சிப்பு மறுமைக்கு மட்டும் உரியதல்ல, கண்ணுக்கு முன்னால் நிகழ வேண்டும் என்பதை அந்தப் பெயரே சொல்லும். அகமா புறமா என்ற நெடிய வாதத்தில் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டவர் அவர்: எந்தப் புறத்தை நீங்கள் தொடாமல் விட்டீர்கள்?

இன்று

மட்டாஞ்சேரியில் கூனன் குரிசுப் பள்ளி மலங்கரை ஆர்த்தடாக்ஸ் சபையின் பொறுப்பில் இருக்கிறது. ஜனவரி 3 அங்கே நினைவு நாள். காயலுக்கு அக்கரையில் எர்ணாகுளம்–அங்கமாலி உயர்மறைமாவட்டத்தில், குர்பானாவின்போது குரு மக்களைப் பார்த்து நிற்பதா பீடத்தைப் பார்த்து நிற்பதா என்ற தகராறு 2021இல் மூண்டது. பாதி நேரம் இப்படி, பாதி நேரம் அப்படி என்று சாண்டி பக்கத்தாரின் வழிவந்த சீரோ மலபார் சபையின் ஆயர் மன்றம் கொடுத்த தீர்ப்பை அங்குள்ள பெரும்பாலான குருக்கள் ஏற்கவில்லை. 2022 கிறிஸ்துமசை ஒட்டி மரியன்னை பேராலயத்துக்குள்ளேயே கைகலப்பாகி, கோவில் மூடப்பட்டது. வெளியார் பலருக்கு இது சிறுபிள்ளைத்தனம். சண்டை போட்ட இரு பக்கத்தாருக்கும் தாங்கள் யாருடைய பிள்ளைகள் என்ற கேள்வி அது.

மார்த்தோமா பக்கத்தாரிலிருந்து பின்னாளில் பிரிந்த ஆர்த்தடாக்ஸ், யாக்கோபாயத் தரப்புகளின் சொத்து வழக்கில் 2017 ஜூலை 3 அன்று உச்ச நீதிமன்றம் ஆர்த்தடாக்ஸ் பக்கம் தீர்ப்பளித்தது. அதன் பிறகு பள்ளி யார் கையில் இருக்கிறதோ அவர்களுடைய குரு இல்லாமல் அடக்கம் செய்ய முடியாமல் பல பிரேதங்கள் நாள்கணக்கில் காத்துக்கிடந்தன. 2020இல் கேரள அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதன்படி, முன்னோர் கிடக்கும் கல்லறையில் அடக்கம் பெறும் உரிமை எந்தத் தரப்பாருக்கும் உண்டு. அந்தப் பள்ளிக் குருவின் சடங்கு வேண்டாம் என்றால், தங்களுக்குப் பிடித்த குருவைக் கொண்டு வேறோர் இடத்தில் செபத்தை முடித்துக்கொண்டு, உடலை மட்டும் அங்கே கொண்டுவந்து புதைக்கலாம்.