புழுங்கல் அரிசியும் கோலாலம்பூர் ஆராய்ச்சியும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவைப் பெரிதும் வாட்டிய நோய்களுள் ஒன்று பெரிபெரி. கால்கள் மரத்துப்போகும்; நடை தளரும்; உடல் வீங்கும்; இறுதியில் இதயம் ஓய்ந்து உயிர் பிரியும். ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளர் இந்நோயால் ஆயிரக்கணக்கில் மாண்டனர். ஆனால் அதே நாட்டில், கிள்ளான் வட்டாரத் தோட்டங்களிலும் பிரிக்பீல்ட்ஸ் இரயில்வேக் குடியிருப்புகளிலும் வாழ்ந்த தமிழரிடையே இந்நோய் அரிதாகவே காணப்பட்டது. வெயிலும் மழையும் எல்லார்க்கும் பொதுவாயிருக்க, நோய் மட்டும் ஆள் பார்த்து வந்தது ஏன்?

நெகிரி செம்பிலானில் பணியாற்றிய மருத்துவர் பிராடன் இக்கேள்விக்கு விடை தேடினார். சீனர் உண்டது ஆலையில் தீட்டிய வெள்ளைச் சயாம் அரிசி. தமிழர் உண்டது நெல்லை ஊறவைத்து அவித்து உலர்த்திக் குத்திய புழுங்கல் அரிசி. மலாய்க்காரர் உண்டது அவ்வப்போது வீட்டு உரலில் குத்திய அரிசி. எனவே நோயின் வேர் அரிசியிலேயே உள்ளது என்று அவர் துணிந்தார். 1907இல் இதனை நூலாகவும் வெளியிட்டார். ஆனால் வெள்ளை அரிசியில் ஏதோ ஒரு நஞ்சு சேர்கிறது என்பதே அவர் கொண்ட கருத்து.

கருத்தைச் சோதனையால் நிறுவ வேண்டும் அன்றோ! கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் 1905ஆம் ஆண்டின் இறுதியில் மருத்துவர் பிளெச்சர் அதனைத் தொடங்கினார். நோயாளிகளை வரிசையாக நிறுத்தி எண்ணச் செய்தார். ஒற்றைப்படை எண் பெற்றோர் ஒரு பகுதியிலும், இரட்டைப்படை எண் பெற்றோர் மறு பகுதியிலும் தங்கவைக்கப்பட்டனர். முன்னவர்க்குத் தீட்டிய அரிசி. பின்னவர்க்குப் புழுங்கல் அரிசி. மற்ற உணவெல்லாம் ஒன்றே. ஏறத்தாழ ஓராண்டில் தீட்டிய அரிசி உண்டவருள் பலர் நோயுற்றனர். 18 பேர் மாண்டனர். புழுங்கல் அரிசி உண்டவருள் ஒருவரும் பெரிபெரியால் இறக்கவில்லை. தம் விருப்பத்தைச் சொல்ல இயலாத மனிதரை வைத்து நடத்திய இச்சோதனையை இன்றைய மருத்துவ அறம் ஏற்காது. நாம் பெற்ற அறிவுக்கு அவர்கள் கொடுத்த விலையை மறத்தலாகாது.

கோலாலம்பூரில் 1900ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த பிரேசர், ஸ்டாண்டன் என்னும் இருவர் அடுத்த அடியை எடுத்துவைத்தனர். நெகிரி செம்பிலான் காட்டில் சாலை அமைத்த ஜாவானியத் தொழிலாளர் ஏறத்தாழ 300 பேரை இரு குழுவாக்கி, இருவகை அரிசியையும் அளித்தனர். வெள்ளை அரிசிக் குழுவில் நோய் தோன்றியது. அரிசியை மாற்றிக் கொடுத்தபோது நோயும் குழு மாறியது. 1909இல் இம்முடிவு வெளியாயிற்று.

வெள்ளை அரிசியில் நஞ்சு சேர்கிறதா, அன்றித் தீட்டும்போது நன்மை ஒன்று நீங்குகிறதா? இங்கேதான் வேதியியல் துணைக்கு வந்தது. தவிட்டை ஆல்கஹாலில் ஊறவைத்து வடித்த சாற்றை, வெள்ளை அரிசி தின்ற கோழிகளுக்குக் கொடுத்தனர். அவை நோயினின்று காக்கப்பட்டன. ஆகவே நஞ்சு என்னும் கருத்து வீழ்ந்தது. குறையே நோய்க்குக் காரணம் என்பது தெளிவாயிற்று. பதாவியாவில் ஈக்மன் என்னும் டச்சு அறிஞர் 1890களில் கோழிகளிடம் கண்ட உண்மையும் இதனோடு ஒத்தது.

ஆயினும் ஓர் இடர் எஞ்சியது. அந்நன்மைப் பொருள் இன்னதென்றே தெரியாத காலம் அது. அங்ஙனமாயின், கப்பலில் வந்திறங்கும் ஒரு மூட்டை அரிசி நல்லதா தீயதா என்று எவ்வாறு அறிவது? பிரேசரும் ஸ்டாண்டனும் பாஸ்பரசை அளவுகோலாகக் கொண்டனர். பாஸ்பரசும் தானியத்தின் புறத்தோலிலேயே மிகுந்துள்ளது. அரிசியைத் தீட்டத் தீட்ட அதுவும் குறைகிறது. அரிசியில் பாஸ்பரஸ் பென்டாக்சைடின் அளவு நூற்றுக்கு 0.4 பங்கிற்குக் குறைந்தால் அவ்வரிசி ஐயத்திற்குரியது என்று வரையறுத்தனர். அரிசிச் சாம்பலை அமிலத்தில் கரைத்து அம்மோனியம் மாலிப்டேட் சேர்த்தால் மஞ்சள் நிற வீழ்படிவு உண்டாகும். அதைக் கொண்டு பாஸ்பரசை அளந்துவிடலாம். இவ்வேலைக்கு வாரக்கணக்கில் கோழி வளர்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை.

பாஸ்பரஸ் இங்கே மருந்தன்று. மருந்து இருக்கும் இடத்தைக் காட்டும் அடையாளமே. புகையைக் கண்டு நெருப்பை உணர்தல் போன்றது இது. இன்று சாயப்பட்டறைக் கழிவுநீரைச் சோதிப்போர், அதிலுள்ள ஒவ்வொரு சாயத்தையும் தனித்தனியே தேடாமல், அந்நீர் எவ்வளவு ஆக்சிஜனை வேண்டுகிறது என்று அளப்பதும் இம்முறையின்பாற்பட்டதே.

1910இல் மணிலாவில் கூடிய மருத்துவ மாநாடு, வெள்ளை அரிசியை இடையறாது முதன்மை உணவாகக் கொள்வதே பெரிபெரிக்குக் காரணம் என ஏற்றது. 1912இல் காசிமிர் பங்க் இத்தகைய பொருள்களுக்கு வைட்டமின் என்று பெயரிட்டார். 1926இல் ஜாவாவில் ஜான்சனும் டோனாத்தும் தவிட்டிலிருந்து அதனைப் படிகமாகப் பிரித்தனர். 1936இல் அமெரிக்க வேதியியலார் வில்லியம்ஸ் அதனைச் செயற்கையாக ஆக்கினார். தயமின் எனப்படும் வைட்டமின் பி1 அதுவே.

புழுங்கல் அரிசி காத்த காரணமும் பின்னர் விளங்கிற்று. தயமின் நீரில் கரைவது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, தவிட்டிலும் முளையிலும் உள்ள தயமின் அரிசியின் உட்பகுதிக்குள் புகுந்துவிடுகிறது; பின்னர் தீட்டினாலும் அதில் ஒரு பகுதி எஞ்சும். ஆனால் நீரில் கரையும் அக்குணத்தாலேயே, அரிசியைப் பலமுறை களைந்து, கஞ்சியை வடித்துக் கொட்டுவோர் அதனை வீணே இழக்கின்றனர்.

நம் முன்னோர் வைட்டமினை அறிந்தே நெல்லைப் புழுக்கினர் என்று கூறுதல் பொருந்தாது. புழுக்கிய நெல் குத்தும்போது நொறுங்குவது குறைவு. அரிசியும் நெடுநாள் கெடாது. அவ்வசதிக்காகக் கைக்கொண்ட வழக்கமே உயிரையும் காத்தது. தமிழர் உடலில் தனிச்சிறப்பு எதுவும் இல்லை என்பதற்குக் கொடிய சான்று ஒன்றும் உண்டு. 1942 முதல் 1945 வரை மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்ட தமிழர், தீட்டிய அரிசியும் அரை வயிற்று உணவுமாக வாடியபோது, அவர்களையும் பெரிபெரி பற்றிக்கொண்டது. தோட்டத்தில் அவர்களைக் காத்தது குலமன்று. கலத்தில் இருந்த சோறே.