சுவருக்கு அடியில் இருந்த சேறு

இன்னைக்கு எபிசோடுக்கு ஒரு பாட்டில் தண்ணி வேணும். அதுல கொஞ்சம் ஆத்து மணல், கொஞ்சம் களிமண் போட்டு நல்லா குலுக்கி வைங்க. மணல் சில நொடியில அடியில உட்கார்ந்துடும். களிமண் மறுநாள் வரைக்கும் கலங்கலாவே நிக்கும். இந்த வித்தியாசத்தை நம்பித்தான் பிரேசில்ல ஒரு அணையைக் கட்டினாங்க.

மினாஸ் ஜெரைஸ் மாநிலம், மரியானா பக்கத்துல ஃபுண்டாவ் அணை. சமார்கோ கம்பெனியோடது, அதுல வாலேவும் பிஹெச்பியும் பங்காளிகள். இரும்புத் தாதுவை எடுத்த பிறகு மிஞ்சுற கழிவைச் சேர்த்து வைக்கிற இடம். கழிவு ரெண்டு வகை: தண்ணி சுலபமா வடியுற மணல், தண்ணியை விடவே விடாத நைசான சேறு. மணல் முன்னாடி சுவர் மாதிரி நிக்கணும், சேறு பின்னாடி தூரத்துல தங்கணும். நடுவுல 200 மீட்டர் மணல் பரப்பு இருக்கணும்னு விதி.

சேத்துல இருந்து தண்ணி எவ்வளவு மெதுவா வெளியேறும்னு அளக்கிறது ஒண்ணும் புது வித்தை இல்ல. கார்ல் டெர்சாகி இஸ்தான்புல்ல களிமண்ணை ஒரு வளையத்துக்குள்ள வச்சு, மேல எடை ஏத்தி அளந்து, 1925லயே புத்தகமா எழுதிட்டார்.

2009ல, அதாவது அணை வேலைக்கு வந்த மறு வருஷமே, அடியில இருந்த வடிகால் பழுதாச்சு. புதுசா வேற வடிகால் போட்டாங்க, ஆனா மணல் ஈரமில்லாம இருக்கும்ங்கிற பழைய கணக்கு அங்கேயே போச்சு. 2011, 2012ல தண்ணி சில நேரம் சுவருக்கு 60 மீட்டர் வரைக்கும் நெருங்கி வந்துச்சு. தண்ணி வந்த இடத்துல சேறும் படிஞ்சது. அப்புறம் இடது பக்கம் அடியில இருந்த ஒரு கான்கிரீட் குழாய் எடை தாங்காதுன்னு தெரிஞ்சு, சுவரைக் கொஞ்சம் உள்ளே தள்ளிக் கட்டினாங்க. எங்கே? அந்தச் சேத்து மேலயே. என் வேலையில ரிக்வயர்மென்ட் மாறியும் பழைய டிசைன் மேலயே கட்டிக்கிட்டுப் போற ப்ராஜெக்ட் நிறைய பார்த்திருக்கேன். அங்கே சர்வர் விழும், அவ்வளவுதான்.

2015 நவம்பர் 5, மதியம் 3:45 மணி வாக்குல அணை உடைஞ்சது. சுமார் 3 கோடி கன மீட்டருக்கு மேல கழிவு வெளியே பாய்ஞ்சது. பென்டோ ரோட்ரிகெஸ் கிராமத்துல சைரன் கிடையாது. ஒரு பெண் மோட்டார் பைக்ல தெருத்தெருவா கத்திக்கிட்டே போனதுல பல பேர் மேட்டுக்கு ஓடினாங்க. செத்தவங்க 19 பேர். 14 பேர் அணைப் பக்கம் வேலை பார்த்தவங்க. சேறு தோசி ஆறு வழியா அட்லாண்டிக் வரைக்கும் போச்சு.

காரணம் தேட நாலு நிபுணர்கள் குழு, தலைவர் நார்பெர்ட் மார்கன்ஸ்டெர்ன். கம்பெனிகள் அமைச்ச குழுதான். யார் மேல தப்புன்னு சொல்றது எங்க வேலை இல்லைன்னும் அவங்களே சொல்லிட்டாங்க. ஆனா லேப்ல அவங்க பண்ணின ஒரு சோதனை இருக்கே, அதுதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது.

பர்கரை மேல இருந்து அழுத்தினா மயோனைஸ் பக்கவாட்டுல பிதுங்கும் இல்லையா? சுவர் உயர உயர அடியில இருந்த சேறும் அப்படித்தான் பிதுங்கிச்சுன்னு குழு சந்தேகப்பட்டுச்சு. அப்போ மேல இருக்கிற மணலுக்குப் பக்கத்துல பிடிமானம் குறையும். அதையே லேப்ல செஞ்சாங்க. தண்ணி ஊறின மணலை ரப்பர் உறைக்குள்ள உருளையா நிறுத்தி, மேல எடையை ஏத்தாம, பக்கத்து அழுத்தத்தை மட்டும் கொஞ்சம் கொஞ்சமா குறைச்சாங்க. ரொம்ப நேரம் ஒண்ணுமே நடக்கல. உருளை அப்படியே நின்னுச்சு. அப்புறம் ஒரே கணத்துல பொலபொலன்னு சரிஞ்சது. எடை மணல்மணிகளை விட்டு நடுவுல இருக்கிற தண்ணி மேல விழ, மணல் திரவமாயிடுது.

அன்னைக்கு உடையுறதுக்கு 90 நிமிஷம் முன்னாடி மூணு குட்டி நிலநடுக்கம் வந்திருந்துச்சு. நிறைய பேர் அதைக் கைகாட்டினாங்க. ஏற்கெனவே உடையுற நிலைமைக்கு வந்துட்ட அணையை அது கொஞ்சம் சீக்கிரமாக்கிச்சு, அவ்வளவுதான்னு 2016 அறிக்கை சொல்லுது.

அதே மாநிலத்துல 2019 ஜனவரி 25, ப்ருமாஜின்யோ. வாலேவோட இன்னொரு கழிவு அணை, 270 பேர். அதுக்கும் ஒரு நிபுணர் குழு, திரும்பவும் அதே மாதிரி உருளைகள், அதே மாதிரி சோதனைகள். அதை அடுத்த எபிசோடுல பார்ப்போம்.