செஞ்சிலுவைக்காரங்க ஏன் வாயே திறக்கறதில்லை?

2009 மே 10, டொரண்டோவில் ஆயிரக்கணக்கான ஈழத்தமிழர்கள் கார்டினர் நெடுஞ்சாலையில் ஏறி உட்கார்ந்து போக்குவரத்தை நிறுத்தினார்கள். அந்த நாள் இங்க பல பேருக்கு மறக்காது. அதற்கு முந்தின நாள் நடந்ததை அவ்வளவா யாரும் பேசறதில்லை. முள்ளிவாய்க்கால் கரையிலிருந்து காயம்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு செஞ்சிலுவைக் கொடியோடு கடைசிக் கப்பல் கிளம்பியது மே 9-ல்தான்.

கொஞ்சம் பின்னாடி போவோம். 1859-ல் இத்தாலியின் சோல்ஃபெரினோவில் கவனிப்பாரற்றுக் கிடந்த சிப்பாய்களைப் பார்த்து நொந்துபோனார் ஜெனீவா வியாபாரி ஹென்றி டுனான்ட். அவர் போட்ட விதைதான் 1863-ல் சர்வதேச செஞ்சிலுவைக் குழு ஆனது. அவங்க வழக்கம் இதுதான்: எந்தப் பக்கமும் சேரக்கூடாது, பார்த்ததைச் சம்பந்தப்பட்டவங்க காதில் மட்டும் சொல்லணும். அப்போதான் சிறைக்கதவும் செக்பாயிண்டும் திறக்கும்.

இந்த மௌனத்துக்குக் கெட்ட பெயரும் உண்டு. யூதர்கள் கொல்லப்படும் தகவல் தெரிந்த பிறகும், 1942 அக்டோபரில் பகிரங்க அறிக்கை வேண்டாம்னு குழு முடிவு பண்ணிச்சு. பிறகு பியாஃப்ரா போரில் செஞ்சிலுவைக்காக வேலை பார்த்த பிரெஞ்சு டாக்டர்கள் சிலர் இதில் வெறுத்துப்போய், மற்றவர்களோடு சேர்ந்து 1971-ல் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பைத் தொடங்கினார்கள். வைத்தியமும் பார்ப்போம், பார்த்ததையும் சொல்வோம் என்பது இவங்க கொள்கை. 1999-ல் அந்த அமைப்புக்கான நோபல் மேடையில் பேசியவர் ஒரு கனடாக்காரர், ஜேம்ஸ் ஆர்பின்ஸ்கி. மௌனம் கொல்லும் என்பதுதான் அந்தப் பேச்சின் சாரம்.

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா வன்னிக்கு வாங்க.

2008 செப்டம்பரில் இலங்கை அரசு, உதவி அமைப்புகளை வன்னியை விட்டு வெளியேறச் சொன்னது. போகாதீங்கன்னு ஜனங்க வாசலில் நின்று கெஞ்சியும் ஐ.நா. கிளிநொச்சியைக் காலி செய்தது. எல்லைகளற்ற மருத்துவர்களும் போக வேண்டியதாயிற்று. தங்கியது செஞ்சிலுவைக் குழு. 2009 பிப்ரவரியிலிருந்து மே வரை காயம்பட்டவர்கள், நோயாளிகள், கூட வந்த குடும்பத்தார் என்று ஏறத்தாழ 14,000 பேரைக் கடல்வழியே வெளியே கொண்டுவந்தார்கள். சொந்த ஊழியர்களையும் அந்தப் போரில் பறிகொடுத்தார்கள். மே 14-ல் அவங்களே வாயைத் திறந்து, கற்பனைக்கெட்டாத பேரழிவுன்னு சொன்னபோது கப்பல் கரையை நெருங்கவே வழியில்லை.

அப்போ மௌனம்தான் சரியா? அப்படிச் சொல்ல மாட்டேன். அதே மாதங்களில் ஐ.நா.வும்தான் அடக்கி வாசித்தது. சாவு எண்ணிக்கையைத் திரட்டி வைத்திருந்தும் வெளியிடாமல் இருந்ததை, 2012 நவம்பரில் வந்த ஐ.நா.வின் சொந்த உள் ஆய்வே கண்டித்தது.

ரெண்டு மௌனமும் ஒண்ணு இல்லை. ஒன்று, கப்பல் கரைக்கு வர்றதுக்குக் கொடுத்த விலை. இன்னொன்றால் அந்தக் கரையில் கிடந்தவங்களுக்கு என்ன கிடைச்சது? ஒரு உதவி அமைப்பு பேசாம இருந்தா, அதைத் திட்டறதுக்கு முன்னாடி நாம கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.