‘ஏ’ என்னும் ஓர் இடைச்சொல்

‘வந்தவன் அவனே’ என்றால், ஐயமின்றி அவன்தான் என்று தேற்றமாகவும் கொள்ளலாம். பிறர் எவரும் வரவில்லை எனப் பிரிநிலையாகவும் கொள்ளலாம். ஏகாரத்திற்குத் தொல்காப்பியர் கூறிய ஐந்து பொருள்களுள் இவ்விரண்டும் அடங்கும். மேலைநாட்டுக் கிறித்தவத்தைப் பிளந்த பெரும் பூசலின் நடுவே நின்றதும் இத்தகைய சிறு சொல்லொன்றே.

1521ஆம் ஆண்டின் இறுதியில் மார்ட்டின் லூதர் வார்ட்பர்க் கோட்டையில் மறைந்திருந்தார். அங்கேதான் புதிய ஏற்பாட்டை ஜெர்மானிய மொழியில் பெயர்க்கலானார். 1522 செப்டம்பரில் அது அச்சேறியது. மனிதன் கடவுள்முன் நீதிமானாவது திருச்சட்டச் செயல்களால் அன்று, நம்பிக்கையால் என்பது ரோமர் நிருபத்தில் பவுல் கூறும் கருத்து (3:28). அவ்விடத்தில் கிரேக்க மூலத்தில் இல்லாத ‘மட்டும்’ என்னும் சொல்லை லூதர் சேர்த்தார். எதிர்ப்பு எழுந்தது. உழவன் தானியம் மட்டும் கொணர்ந்தான், பணம் கொணரவில்லை என்பதுபோல் சொல்வது ஜெர்மானிய மரபு என 1530இல் விடை எழுதினார். பவுலின் கருத்தும் அதுவே என வாதித்தார். லூதருக்கு முன்னரே உரையாசிரியர் சிலர் அச்சொல்லை ஆண்டுள்ளனர் என்பதையும் மறத்தலாகாது.

வியப்பு யாதெனில், ‘நம்பிக்கையால் மட்டும்’ என்னும் தொடர் மூலத்திலேயே வருவது ஒரே ஓரிடத்தில். யாக்கோபின் நிருபத்தில் (2:24). அங்கோ அது மறுக்கப்படுகிறது! 1522ஆம் ஆண்டு முன்னுரையில் அந்நிருபத்தை வைக்கோலுக்கு ஒப்பிட்டார் லூதர்.

பவுலும் யாக்கோபும் இருவருமே ஆபிரகாமைச் சான்றுக்கு அழைக்கின்றனர். மகனைப் பலியிடத் துணிந்த செயலை யாக்கோபு காட்டுகிறார். பவுலோ காலமுறையைக் கொண்டு வழக்காடுகிறார். ஆபிரகாமின் நம்பிக்கை நீதியாக எண்ணப்பட்டது ஆதியாகமம் 15ஆம் அதிகாரத்தில்; விருத்தசேதனக் கட்டளை வருவது 17ஆம் அதிகாரத்தில். ஆகவே அவ்வடையாளம் இல்லாதாருக்கும் அவர் தந்தையே என்பது வாதம்.

இவ்வாதம் எழுந்த இடம் பள்ளிக்கூடம் அன்று, பந்தி. அந்தியோகியாவில் யூதரல்லாதாரோடு உடனுண்ட பேதுரு, யாக்கோபிடமிருந்து சிலர் வந்ததும் அஞ்சி ஒதுங்கினார். பவுல் நேருக்கு நேர் கண்டித்தார். கலாத்தியர் நிருபத்தில் நீதிமானாக்கப்படுதல் பற்றிய பேச்சு இப்பந்தி வழக்கை ஒட்டியே தொடங்குகிறது. எவன் எவனோடு உண்ணலாம் என்னும் வினாவின் கொடுமையைத் தமிழர்க்கு விளக்க வேண்டியதில்லை.

குற்றவுணர்வால் வாடிய தனி மனிதனின் விடுதலையையே லூதர் இத்தொடரில் கண்டார். 1977இல் இ. பி. சாண்டர்ஸ் எழுதிய நூலுக்குப்பின் ஆய்வாளர் பலர் வேறொன்றை முன்வைத்தனர்: யூத சமயம் நற்செயலால் கடவுளை விலைக்கு வாங்க முயன்றதன்று, உடன்படிக்கையின் அருளே அதற்கும் முதல். பவுல் விலக்கிய ‘செயல்கள்’ சிறப்பாக விருத்தசேதனம், உணவு விதி போன்ற எல்லைக்கோடுகள் என்பர். இது முழுதும் பொருந்தாது. யூதர், பிறர் ஆகிய எல்லாரும் பாவத்தின் கீழ்ப்பட்டவர் என்றும் ரோமர் நிருபம் கூறுகிறதே! எனினும் பந்தியை மறந்து நெஞ்சை மட்டும் படிப்போர் பவுலைப் பாதியே படித்தவராவர்.

லூதரன் தரப்பார் இதனை நீதிமான் எனத் தீர்ப்பளித்தல் என்றனர். 1547இல் திரெந்துச் சங்கம், அருளால் மனிதன் உள்ளேயும் நீதியுடையவனாக ஆக்கப்படுகிறான் என வரையறுத்தது. 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் லூதரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் இதுபற்றிய கூட்டறிக்கையில் கையொப்பமிட்டன. வேற்றுமை முற்றும் நீங்கவில்லை. அடிப்படை உண்மைகளில் உடன்பாடு கண்டனர்.

சீர்திருத்தச் சபைகள் வழங்கிவந்த பழைய தமிழ் மொழிபெயர்ப்பு, ரோமர் நிருபத்தின் அவ்விடத்தில் ‘விசுவாசத்தினாலேயே’ என்கிறது. லூதர் ஒரு தனிச்சொல் சேர்க்க வேண்டியிருந்த இடத்தில் தமிழுக்கு ஏகாரம் போதுமாயிற்று. ஆயின் ‘நீதிமானாக்கப்படுகிறான்’ என்பதிலுள்ள ‘ஆக்கு’ தீர்ப்பைவிடத் திரெந்தின் பக்கமே சாய்கிறது! 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு ‘ஏற்புடையவர்’ என்னும் சொல்லை ஆண்டது. நீதிமான் என்பது ஒருவனது பண்பு. ஏற்புடைமையோ ஏற்பவர் ஒருவர் இன்றி நிகழாது.