பனிக்கடியில் ஒரு தகரப் பெட்டி

1915-ம் வருடம், நவம்பர் 2-ம் தேதி. இடம், அண்டார்டிகாவை ஒட்டிய வெட்டெல் கடல். கடல் என்று பேர்தானே தவிர, தண்ணீர் கண்ணில் படாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஐஸ். அந்த ஐஸின் பிடியில் சிக்கி, விலா எலும்பெல்லாம் நொறுங்கி, பாதி முங்கிய நிலையில் ஒரு கப்பல்.

அந்தக் கப்பலுக்குள் ஒரு மனிதர் கோடரியோடு நிற்கிறார். குளிர்பதன அறையின் தடித்த சுவரை வெட்டி வழி செய்கிறார். உள்ளே நாலடி ஆழத்துக்குக் கூழ் மாதிரி ஐஸ். மேல்சட்டையைக் கழற்றிப் போட்டார். அரை நிர்வாணமாக அந்த ஐஸுக்குள் முங்கினார். கைகளால் துழாவி, பெட்டிகளை ஒவ்வொன்றாக மேலே இழுத்துப் போட்டார்.

பெட்டிக்குள் என்ன? தங்கமா? சாப்பாடா?

ம்ஹும். போட்டோ.

அவர் பெயர் ஃபிராங்க் ஹர்லி. ஆஸ்திரேலியாவின் சிட்னியில் பிறந்தவர். பதினைந்து ஷில்லிங் விலையுள்ள ஒரு கோடக் பெட்டி கேமராவை, வாரம் ஒரு ஷில்லிங் வீதம் தவணையில் வாங்கித் தொழிலை ஆரம்பித்த ஆசாமி. அவர் கதைக்குள் போவதற்கு முன்னால் என் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஹர்லியோடு ஒப்பிட்டால் வெட்கக்கேடு. ஆனாலும் சொல்லியாக வேண்டும்.

2006-ல் குடும்பத்தோடு ராமேஸ்வரம் போயிருந்தோம். புதுசாக வாங்கிய டிஜிட்டல் கேமரா. கேமராவைக் கண்டாலே முந்தானையால் முகத்தை மறைத்துக்கொள்ளும் அம்மா, தனுஷ்கோடி மணலில் நின்றுகொண்டு, 'என்னை ஒண்ணு எடுடா' என்றாள். எடுத்தேன். ஒன்றல்ல, ஏழெட்டு. இடிந்த சர்ச்சுக்கு முன்னால், கடலைப் பார்த்துக்கொண்டு, காற்றில் புடவையைப் பிடித்துக்கொண்டு.

லாட்ஜுக்கு எதிரிலேயே பிரவுசிங் சென்டர். கார்டைக் கொடுத்தால் பத்து நிமிஷத்தில் சிடி போட்டுக் கொடுத்துவிடுவார்கள். மனைவி இரண்டு தடவை சொன்னாள். 'ஊருக்குப் போய்ப் பார்த்துக்கலாம்' என்றேன்.

ஊருக்கு வந்து கார்டைக் கம்ப்யூட்டரில் செருகினால், 'ஃபார்மட் செய்யவா?' என்று கேட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன் சட்டென்று ஓகே கொடுத்துவிட்டான். அவனைத் திட்டிப் பிரயோஜனமில்லை. அதற்கப்புறமாவது அந்தக் கார்டை அப்படியே எடுத்து வைத்திருக்கலாம். நான் என்ன செய்தேன்? அடுத்த வாரம் ஒரு கல்யாணத்துக்கு அதையே எடுத்துப் போய், நிறைய நிறையப் படம் எடுத்தேன்.

அம்மா அதற்குப் பிறகு எந்த ஊருக்கும் வரவில்லை. இப்போது அவள் இல்லை. தனுஷ்கோடிப் படமும் இல்லை.

சரி, ஹர்லிக்கு வருவோம்.

சர் எர்னஸ்ட் ஷாக்கிள்டன் என்கிற ஆய்வுப் பயணிக்கு ஓர் ஆசை. அண்டார்டிகா கண்டத்தை ஒரு கரையிலிருந்து மறு கரை வரை நடந்தே கடக்க வேண்டும். ஆசை சரி, காசு? பி.காம். படித்தவன் என்பதால் எனக்கு முதலில் கண்ணில் படுவது இதுதான். ஷாக்கிள்டன் பணம் திரட்டிய வழிகளில் முக்கியமானது, பயணத்தில் எடுக்கப்போகும் சினிமா மற்றும் போட்டோக்களின் உரிமை. எடுக்காத படத்தை முன்கூட்டியே அடமானம் வைத்தார் என்று வைத்துக்கொள்ளுங்களேன். அந்தப் படங்களை எடுக்கத்தான் ஹர்லியைக் கூட்டிக்கொண்டார். ஏற்கெனவே மாசன் என்பவரோடு அண்டார்டிகா போய் வந்த அனுபவம் ஹர்லிக்கு இருந்தது.

ஆக, மொத்தம் 28 பேர். கப்பலின் பெயர் எண்டூரன்ஸ். 1914 டிசம்பர் 5-ம் தேதி தெற்கு ஜார்ஜியா தீவிலிருந்து கிளம்பியது. அடுத்த மாதமே ஐஸ் சுற்றி வளைத்துவிட்டது. முன்னால் போக முடியாது, பின்னால் வர முடியாது. ஒன்பது மாதத்துக்கு மேல் இறுக்கி, கடைசியில் அக்டோபர் 27-ம் தேதி 'எல்லோரும் இறங்குங்கள்' என்று ஷாக்கிள்டன் சொல்லும்படி ஆகிவிட்டது. மிதக்கும் ஐஸ்கட்டி மேல் கூடாரம் போட்டார்கள்.

இனிமேல் ஐஸ் மேல் நடக்க வேண்டும், அப்புறம் படகில் போக வேண்டும். ஒவ்வொரு கிலோவும் உயிருக்கு உலை. அதனால் ஓர் உத்தரவு. சொந்தச் சாமான் ஆளுக்கு இரண்டு பவுண்டு. அதாவது ஒரு கிலோவுக்கும் குறைவு. சொன்னவரே முதலில் செய்து காட்டினார். தன் தங்கக் காசுகளைப் பனியில் விட்டெறிந்தார்.

இந்த நிலைமையில்தான் ஹர்லி கப்பலுக்குத் திரும்பிப் போய் ஐஸுக்குள் முங்கியது. ஐந்நூறு சொச்சம் கண்ணாடி நெகட்டிவ்கள். கண்ணாடி தண்ணீரில் ஊறினால் மேலே பூசியிருக்கும் ரசாயனப் படலம் உரிந்துவிடும். ஆனால் ஹர்லி கெட்டிக்காரர். இரட்டைத் தகரம் வைத்து, ஈயப்பற்று வைத்து மூடியிருந்தார். ஆபத்து வருவதற்கு முன்னாலேயே செய்த வேலை அது.

ஒரு வாரம் கழித்து நடந்ததுதான் நான் சொல்ல வந்த விஷயமே.

நவம்பர் 9. ஷாக்கிள்டனும் ஹர்லியும் ஐஸ் மேல் உட்கார்ந்துகொண்டு நெகட்டிவ்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார்கள். இது வேண்டும். இது வேண்டாம். இது வேண்டும். இது வேண்டாம். நாள் பூரா இதே வேலை. கடைசியில் 120 தேறியது. அதைத் திரும்பவும் தகரத்தில் வைத்துப் பற்றவைத்தார்கள். மீதி சுமார் 400.

அதை என்ன செய்தார்கள் தெரியுமா? உடைத்துப் போட்டார்கள். சும்மா ஓரமாக வைத்துவிட்டு வந்தால், ராத்திரி மனசு மாறும். 'இன்னும் ஒரு பத்து மட்டும் எடுத்துக்கலாமே' என்று கை போகும். பத்து தட்டின் பாரம் படகில் ஒருத்தருடைய சாப்பாடு. ஒரு வருடத்துக்கு மேல், விரல் உறைகிற குளிரில் எடுத்த படங்கள். எடுத்தவனுக்கு நெஞ்சு எப்படி இருந்திருக்கும்?

கேமராக்களையும் விட்டுவிட்டார். கையில் வைத்துக்கொண்டது கோடக் கம்பெனியின் குட்டி பாக்கெட் கேமரா ஒன்று, அதற்கு மூன்றே மூன்று ஃபிலிம் சுருள். கூடவே, ஏற்கெனவே காகிதத்தில் அச்சிட்டு வைத்திருந்த ஓர் ஆல்பம். கண்ணாடியில் ஒரு பிரதி, காகிதத்தில் ஒரு பிரதி. 'பேக்கப்' என்ற வார்த்தையை அந்த அர்த்தத்தில் யாரும் பேசாத காலத்தில், மனிதர் செய்துவிட்டார்.

நவம்பர் 21-ம் தேதி எண்டூரன்ஸ் முழுசாக மூழ்கிவிட்டது. பிறகு ஐந்து மாதத்துக்குச் சற்றுக் குறைவாக மிதக்கும் ஐஸ் மேல் வாழ்க்கை. 1916 ஏப்ரலில் மூன்று படகுகளில் ஒரு வாரம் அலைக்கழிந்து, எலிஃபண்ட் தீவு என்னும் பாறையில் ஒதுங்கினார்கள். அங்கிருந்து உதவி தேடி, ஷாக்கிள்டன் ஐந்து பேரோடு ஒரு படகில் கிளம்ப முடிவு செய்தார். நடுவில் சுமார் 1,300 கிலோமீட்டர் கடல். திரும்பி வருவாரா என்பது யாருக்கும் தெரியாது.

கிளம்புவதற்கு முன்னால் அவர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த காகிதம் ஒன்று இருக்கிறது. தேதி, 1916 ஏப்ரல் 21. நான் பிழைக்காவிட்டால், இந்தப் பயணத்தின் எல்லாப் படங்களுக்கும் நெகட்டிவ்களுக்கும் ஹர்லிதான் பொறுப்பு. அதில் வரும் பணம் ஒப்பந்தப்படி என் வாரிசுகள் தரப்புக்குப் போக வேண்டும். என் பெரிய பைனாகுலர் ஹர்லிக்கு. சாட்சிக் கையெழுத்து உட்பட எல்லாம் பக்கா. சாகப்போகிறோமா என்று தெரியாத நேரத்திலும், படம் எங்கே, யார் கையில், யார் பொறுப்பில் என்பதில் தெளிவு!

படகு தெற்கு ஜார்ஜியா போய்ச் சேர்ந்தது. மூன்று முறை முயன்று தோற்று, நாலாவது முயற்சியில், 1916 ஆகஸ்ட் 30-ம் தேதி, லூயிஸ் பார்தோ தலைமையில் வந்த சிலி நாட்டின் யெல்சோ கப்பல் தீவில் இருந்த 22 பேரையும் மீட்டது. ஹர்லியின் தகரப் பெட்டியும் கூடவே ஏறியது. சிலியின் புன்டா அரேனாஸ் நகரில் ஓர் இருட்டறையைப் பிடித்துக் கழுவிப் பார்த்தார். கண்ணாடித் தட்டுகள் நன்றாகவே வந்திருந்தன. பாக்கெட் கேமரா ஃபிலிம் கொஞ்சம் கெட்டிருந்தாலும் தேறியது. 1919-ல் 'சவுத்' என்ற படம் வெளியானது. இன்றைக்கு எண்டூரன்ஸ் என்றதும் நம் கண் முன்னால் வருகிற காட்சிகளில் பல அந்தப் பெட்டியிலிருந்து வந்தவைதான்.

எல்லோருக்கும் இப்படி வாய்ப்பதில்லை. 1897 ஜூலையில் ஸ்வீடனைச் சேர்ந்த ஆந்த்ரே இரண்டு நண்பர்களோடு பலூனில் வடதுருவத்துக்குக் கிளம்பினார். மூன்றாவது நாளே பலூன் ஐஸில் இறங்கிவிட்டது. நடந்தார்கள், படம் எடுத்தார்கள், ஒரு தீவை அடைந்தார்கள், இறந்தார்கள். 1930-ல்தான் உடல்களும் ஃபிலிம்களும் கிடைத்தன. 33 வருடம் பனியில் கிடந்த ஃபிலிம். ஸ்டாக்ஹோமில் ஜான் ஹெர்ட்ஸ்பெர்க் என்பவர் பொறுமையாகக் கழுவி, சுமார் 240-ல் 93 படங்களை மீட்டார். ஃபிலிம் அத்தனை வருடம் தாங்கியது அதிர்ஷ்டம். அதை நம்பி யாரும் பயணம் போக முடியாது.

1969-ல் நிலாவுக்குப் போனவர்கள் ஹர்லியின் கணக்கைத்தான் போட்டார்கள். நிலாத் தரையில் பயன்படுத்திய ஹாசல்பிளாட் கேமராவை அங்கேயே விட்டுவிட்டு, ஃபிலிம் இருந்த பெட்டியை மட்டும் கழற்றி எடுத்து வந்தார்கள். கேமரா போனால் போகட்டும், படம் வீடு வந்து சேர வேண்டும்.

அடுத்த கட்டம், அதே கோடக் கம்பெனி. 1975-ல் ஸ்டீவ் சாஸன் என்ற இளம் இன்ஜினீயர் முதல் டிஜிட்டல் கேமராவைச் செய்தார். மூன்றரை கிலோவுக்கு மேல் எடை. படத்தைச் சேமித்தது எதில்? கேசட்டில். ஒரு படம் பதிய 23 விநாடி. அங்கிருந்து தொண்ணூறுகளில் மெமரி கார்டு, 1999-ல் எஸ்.டி. கார்டு என்று இறங்கி, இன்றைக்கு நகத்தளவு சில்லில் பல ஆயிரம் படம்.

இங்கேதான் வினை. ஹர்லிக்கு இடம் இல்லை, அதனால் உட்கார்ந்து யோசித்தார். நமக்கு இடம் கணக்கில்லாமல் கிடைக்கிறது, அதனால் யோசிப்பதே இல்லை. ஒரே சூரிய அஸ்தமனத்தை நாற்பது தடவை எடுத்து, நாற்பதையும் ஒரே போனில் வைத்துக்கொண்டு, அந்த போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அருவியில் குனிகிறோம்.

முதலாம் வருடம் வணிகவியலில் முதல் பாடம், இரட்டைப் பதிவு. எந்த வரவு செலவையும் ஓரிடத்தில் மட்டும் எழுதினால் அது கணக்கே இல்லை. போட்டோவும் அப்படித்தான். ஓரிடத்தில் மட்டும் இருக்கும் படம், இன்னும் எடுத்து முடிக்காத படம். பீட்டர் க்ரோ என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் இதை 3-2-1 என்று சுருக்கிச் சொன்னார். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், அதில் ஒன்று வேறு இடத்தில்.

பயணத்தில் இது முடியுமா? முடியும். நான் இப்போது செய்வதைச் சொல்கிறேன். ராத்திரி படுக்கப்போகும் முன் பத்து நிமிஷம். அன்றைய படங்களைப் பார்த்து, ஆடியதையும் கண் மூடியதையும் அழித்துவிடுகிறேன். மிச்சத்தை ஒரு பென் டிரைவில் ஏற்றுகிறேன். அது போன் இருக்கும் பையில் இருக்கக் கூடாது. மனைவியின் கைப்பையில் போய்விடும். திருடு போனாலும் இரண்டும் ஒன்றாகப் போகாது அல்லவா? லாட்ஜில் வைஃபை இருந்தால், இணையச் சேமிப்புக்கும் ஒரு பிரதி. ஆனால் ஒன்று கவனியுங்கள். போனில் அழித்தால் அங்கேயும் தானாக அழியும் ஏற்பாடு சிலவற்றில் உண்டு. அது பிரதி அல்ல, கண்ணாடியில் தெரியும் பிம்பம்.

அதையும் மீறிக் கார்டு காலை வாரினால், உடனே பயன்படுத்துவதை நிறுத்துங்கள். பெரும்பாலும் கார்டில் படத்தை அழித்தாலோ, அவசரமாக ஃபார்மட் செய்தாலோ, போவது லெட்ஜரின் பொருளடக்கப் பக்கம்தான். உள்ளே ஏடுகள் அப்படியே இருக்கும். மீட்டுக் கொடுக்க மென்பொருள் உண்டு. அதன் மேல் புதுப் படம் எடுத்தால்தான் பழைய ஏடு நிஜமாகவே அழிகிறது. நான் கல்யாண வீட்டில் செய்த காரியம் அதுதான். தெரிந்துகொண்டபோது காலம் கடந்திருந்தது.

2022 மார்ச்சில் எண்டூரன்ஸ் கப்பலைக் கண்டுபிடித்தார்கள். வெட்டெல் கடலுக்கு அடியில் 3,008 மீட்டர் ஆழத்தில், பின்புறத்தில் எழுதிய பெயர்கூட அழியாமல் நிற்கிறது. உலகமே அந்தப் படங்களைப் பார்த்து வியந்தது. கப்பல் கண்ணில் படுவதற்கு நூறு வருடத்துக்கு மேல் ஆயிற்று. ஹர்லியின் 120 தட்டுகளோ 1916-லேயே கரை ஏறிவிட்டன.

தனுஷ்கோடியில் அம்மா எப்படி நின்றாள் என்று என் பேத்தி கேட்டால், நான் வாயால்தான் சொல்ல வேண்டும். இடது கையால் புடவையைப் பிடித்திருந்தாள் என்று நினைக்கிறேன். வலது கையாகவும் இருக்கலாம்.