பக்கம் படமான கதை

போன வாரம் எங்கள் அசோக் நகர் அடுக்ககத்தின் கீழ் வீட்டுப் பெரியவர் ஒரு பென் டிரைவோடு மாடியேறி வந்தார். "தம்பி, இந்தப் பத்திரத்தை ஜேபெக்கா மாத்திக் குடுக்கணுமாம். கடையில கேட்டேன், ஏதோ வெப்சைட்ல ஏத்தி நிமிஷத்துல தர்றோம்னாங்க. எனக்கென்னவோ மனசு ஒப்பல" என்றார். கிரயப் பத்திரம், கூடவே ஆதார். சர்வே எண், அப்பா பெயர், கைரேகை, கையெழுத்து எல்லாம் அதில் இருந்தன. வாழ்நாள் சேமிப்பே அந்த நாலு பக்கம்தான்.

வைஃபையை அணைத்துவிட்டு என் மடிக்கணினியிலேயே மாற்றிக் கொடுத்தேன். "நெட் இல்லாமலேவா?" என்று ஆச்சரியப்பட்டார். அந்த ஆச்சரியம்தான் என்னை இந்தக் குறிப்பை எழுத வைத்தது. ஏனென்றால், வரலாற்றில் பழைய வழி வீட்டிலேயே மாற்றுவதுதான். வெளியே அனுப்பி மாற்றுவது பின்னால் வந்த பழக்கம்.

1984-இல் அடோபி நிறுவனம் போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழியைக் கொண்டுவந்தது. பக்கத்தைப் புள்ளி புள்ளியாகச் சேமிக்காமல், 'இந்த இடத்தில் இந்த எழுத்து, இங்கே ஒரு கோடு' என்று கட்டளைகளாக எழுதி வைப்பது அதன் யோசனை. கோலத்தை அனுப்பாமல் கோலம் போடும் முறையை அனுப்புவது மாதிரி. அதைப் படித்துப் புள்ளிகளாக வரைந்து தர ஒரு நிரல் வேண்டும். பீட்டர் டாய்ச் எழுதிய கோஸ்ட்ஸ்கிரிப்ட் 1988-இல் வந்தது. இலவசம், அவரவர் கணினியிலேயே ஓடும். 1993-இல் பிடிஎஃப் வந்தபின் எக்ஸ்பிடிஎஃப், அதிலிருந்து கிளைத்த பாப்ளர் எனப் பல நிரல்கள் அதே வேலையைச் செய்தன.

தமிழுக்கு இந்தப் பட வழி கூடுதலாகவே தேவைப்பட்டது. யூனிகோட் பரவும் முன் ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு குறியேற்றம். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டுக்குப் பிறகு டாம், டாப் என்ற இரு தரங்களை அரசு அறிவித்தது. ஆனாலும் அந்தக் காலத்துப் பிடிஎஃபிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து ஒட்டிப் பாருங்கள், பெரும்பாலும் ஆங்கில எழுத்துக் குப்பைதான் விழும். பக்கத்தைப் படமாக்கினால் 'ழ' எங்கே போனாலும் 'ழ'வாகவே நிற்கும்.

பிறகு இணைய வேகம் கூடியது. கோப்பை ஏற்றினால் மாற்றித் தரும் தளங்கள் பெருகின. வசதிதான். ஆனால் அந்த நகல் யாருடைய கணினியில், எத்தனை நாள் கிடக்கிறது என்பது ஏற்றியவருக்குத் தெரியாது. 2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம், ஆதார் நகலைக் கண்டவரிடம் கொடுக்காதீர்கள், பொதுக் கணினியில் தரவிறக்காதீர்கள் என்று எச்சரித்தது. தவறாகப் புரிந்துகொள்ளப்படலாம் என்று இரண்டே நாளில் அது திரும்பப் பெறப்பட்டது. எச்சரிக்கை போனாலும் ஆபத்து போய்விடவில்லையே.

நல்லவேளை, கதை ஒரு சுற்று சுற்றி வீட்டுக்கே திரும்பியிருக்கிறது. 2011-இல் மொசில்லா தொடங்கிய பிடிஎஃப்.ஜேஎஸ் 2013-இல் ஃபயர்ஃபாக்ஸுக்குள்ளேயே வந்தது. உலாவியே பக்கத்தை வரையும் என்றால், கோப்பு எங்கேயும் போக வேண்டியதில்லை. ஒரு தளம் அப்படித்தான் செய்கிறதா என்று பார்க்க எளிய சோதனை: தளம் திறந்ததும் நெட்டைத் துண்டித்துவிட்டு மாற்றிப் பாருங்கள். அப்போதும் மாறினால் வேலை உங்கள் கருவியில்தான் நடக்கிறது. முடிந்ததும் அந்தத் தாவலை மூடிவிட்டு, அப்புறம் நெட்டைப் போடுங்கள்.

இரண்டு குறிப்புகள். ஏ4 பக்கம் 150 டிபிஐ-யில் 1240 × 1754 புள்ளிகள். திரையில் படிக்க அது போதும், அச்சுக்கு 300 வையுங்கள். இன்னொன்று, பிடிஎஃபில் ஆதார் எண்மேல் கறுப்புப் பட்டை போட்டால் அடியில் எண் அப்படியே இருக்கக்கூடும். பட்டையோடு சேர்த்துப் படமாக்கினால் பட்டை மட்டும்தான் மிஞ்சும்.

பெரியவருக்குப் பட்டை போட்டே கொடுத்தேன். பென் டிரைவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "உங்க கம்ப்யூட்டர்ல இருக்கறதையும் அழிச்சுடுங்க தம்பி" என்றார். அவர் எதிரிலேயே அழித்தேன்.