பாஸ்பரஸை விரட்டிய செங்கல்

இரும்பு உருக்கும் உலை என்றாலே எல்லோரும் உள்ளே எரியும் நெருப்பைப் பற்றித்தான் பேசுவார்கள். அந்த நெருப்பைத் தாங்கி நிற்கும் தீச்செங்கல்லை யாரும் கண்டுகொள்வதில்லை. ஆனால் ஐரோப்பாவின் எஃகுத் தொழில் இருபது வருடங்களுக்கு மேல் ஓரிடத்தில் சிக்கிக்கொண்டு நின்றதற்கு இந்தச் செங்கல்தான் காரணம்!

1856-ல் ஹென்றி பெஸ்ஸமர், உருகிய இரும்புக்குள் காற்றை ஊதி சில நிமிடங்களில் எஃகு செய்யும் முறையை இங்கிலாந்தில் அறிவித்தார். ஆலைக்காரர்கள் முந்திக்கொண்டு உரிமம் வாங்கினார்கள். ஊதிப் பார்த்தால்... வந்ததோ தட்டினால் உடையும் உலோகம். குற்றவாளி பாஸ்பரஸ். பெஸ்ஸமர் சோதனைக்கு எடுத்த இரும்பில் அது தற்செயலாக மிகக் குறைவு. பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனியில் தோண்டிய தாதுக்களில் பெரும்பகுதியிலோ அது தாராளம்.

காற்றை ஊதும்போது பாஸ்பரஸ் எரியத்தான் செய்கிறது. ஆனால் எரிந்து உண்டாகும் ஆக்சைடைப் பிடித்துவைக்க உலையில் ஒன்றும் இல்லை. அது மறுபடியும் இரும்புக்கே போய்விடும். சுண்ணாம்பு போட்டால் பிடித்துக்கொள்ளுமே? பள்ளிக்கூட வேதியியல்தான், அமிலத்தைக் காரம் பிடிக்கும். சிக்கல் என்னவென்றால், உலையின் உட்சுவர் முழுக்க சிலிகா கல். அதுவும் அமில இனம். போட்ட சுண்ணாம்பு சுவரையே அரித்துத் தின்றுவிடும். ஆக, சூட்டைத் தாங்கினால் மட்டும் போதாது, கசடையும் தாங்கும் கல் வேண்டும்.

இதற்கு விடை கண்டவர் எந்த ஆலையிலும் வேலை பார்க்கவில்லை. சிட்னி கில்கிறிஸ்ட் தாமஸ், லண்டன் போலீஸ் கோர்ட்டில் குமாஸ்தா. 1850-ல் பிறந்தவர். பதினேழு வயதில் தந்தையை இழந்து வேலைக்குப் போனவர். பகலில் கோர்ட்டு வழக்குகள், மாலையில் பிர்க்பெக் நிறுவனத்தில் வேதியியல் வகுப்பு. பாஸ்பரஸை நீக்குபவன் பெரும் பணக்காரன் ஆவான் என்று அங்கே ஆசிரியர் சொன்னது மனதில் தைத்தது. வேல்ஸ் நாட்டின் பிளேனாவன் இரும்பாலையில் வேதியியலாளராக இருந்த உறவினர் பெர்சி கில்கிறிஸ்ட்டைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டார்.

சுண்ணாம்புக் கல்லைச் சுட்டு உலைக்குள் வைப்பது லேசான வேலையில்லை. சுட்ட சுண்ணாம்பு ஈரத்தை இழுத்து உதிர்ந்துவிடும். இருவரும் பலவிதமாகச் சுட்டுப் பார்த்து, டோலமைட் கல்லைக் கடும் சூட்டில் சுட்டால் அது சுருங்கி இறுகி நிலைக்கும் என்று கண்டார்கள். பின்னாளில் அதைத் தாருடன் பிசைந்து கட்டும் வழக்கமும் வந்தது.

1878-ல் லண்டனில் இரும்பு எஃகு வல்லுநர் கூட்டத்தில் தாமஸ் எழுந்து தன் முறையைச் சொன்னபோது யாரும் பொருட்படுத்தவில்லை. குமாஸ்தா சொன்னால் யார் கேட்பார்கள்! மிடில்ஸ்பரோ ஆலை மேலாளர் விண்ட்சர் ரிச்சர்ட்ஸ் மட்டும் நம்பினார். 1879 ஏப்ரலில் அவருடைய ஆலையில் பெரிய உலையிலேயே சோதனை வெற்றி. அதன்பின் ஐரோப்பா முழுவதிலுமிருந்து ஆட்கள் உரிமம் கேட்டு வந்தார்கள்.

அதிக லாபம் அடைந்தது பிரிட்டன் அல்ல, ஜெர்மனி. 1871-ல் பிரான்ஸிடமிருந்து பறித்த லொரைன் பகுதியின் பாஸ்பரஸ் தாது அதுவரை எஃகுக்கு உதவாமல் கிடந்தது. புதுச் செங்கல் வந்ததும் அதற்கு மதிப்பு ஏறியது. நூற்றாண்டு முடிவதற்குள் எஃகு உற்பத்தியில் ஜெர்மனி பிரிட்டனைத் தாண்டியது. பாஸ்பரஸ் ஏறிய கசடைக்கூட அரைத்து வயலுக்கு உரமாக விற்றார்கள்.

தாமஸுக்குப் பணம் வந்தது, உடம்புதான் ஒத்துழைக்கவில்லை. நுரையீரல் நோயோடு வெப்பநாடுகளில் சுற்றிவிட்டு, 1885 பிப்ரவரியில் பாரிஸில் இறந்தார். வயது 34. குடும்பத்துக்கு வேண்டியது போக மீதியை ஏழைத் தொழிலாளர்களின் நலனுக்குச் செலவிடும்படி தங்கை லிலியனிடம் சொல்லியிருந்தார்.